பொத்தான் துண்டு

ஸ்கார்வே தீவில் மனிதர்களுக்குத்தான் பேர்ப் பஞ்சம், நிலத்துக்கு இல்லை. ஆண்களில் பாதிப்பேர் டொனால்ட். மிச்சப்பேர் டொனால்டின் அண்ணன் தம்பி. நிலம் அப்படியில்லை. ஒரு மாட்டுத்தோல் அகலம்தான் இருக்கும், அதற்கும் ஒரு பேர் இருக்கும். வாத்து மிதி, உப்புக்கரை, கிழவன் முதுகு, சண்டை மேடு. ஊர் வயலின் நட்டநடுவில் பொத்தான் துண்டு என்று ஒன்று உண்டு. மணலும் மண்ணும் சரிபாதி கலந்த அருமையான நிலம். உருளைக்கிழங்கு போட்டால் ஒன்றொன்றும் முஷ்டி அளவு விளையும். ஆனால் அது கிடைத்தவனைப்போல் நொந்துபோனவன் அதற்கு அந்தப் பேர் வந்த வருஷம் தீவிலேயே இல்லை.

ராணி விக்டோரியா பட்டத்தில் இருந்த காலம். தீவு துரைக்குச் சொந்தம், ஊர் குத்தகை கட்டும். ஊர் வயல் தனித்தனியாக யாருக்கும் சொந்தமில்லை. எல்லாருக்கும் பாடு உண்டு, அதாவது வருஷத்துக்கு ஒரு பங்கு. குளிர் முடிகிற சமயம், புயல் கடற்பாசியைக் கரையில் குவித்துவிட்டுப் போனதும், வயலுக்குக் கயிறு போட்டுத் துண்டு பிரித்துக் வீட்டு அடையாளங்களைக் குல்லாவில் போட்டுக் குலுக்கி, துண்டுக்கு ஒன்றாக எடுப்பார்கள். வீட்டுக்கு ஓர் அடையாளம். மார்சலி வீட்டுக்கு ஆட்டுக்கொம்பு நுனி, கொல்லன் வீட்டுக்கு லாட ஆணி, லாக்லன் வீட்டுக்குப் படகு ஆப்பு. எய்ரிக் வீட்டுக்குப் பாறைச்சிப்பி, அதாவது அலையடிக்கும் பாறையில் குல்லா கவிழ்த்தமாதிரி ஒட்டிக்கிடக்கிற ஓட்டுச்சிப்பி. கங்காணி ஃபார்க்கர் வீட்டுக்குப் பித்தளைப் பொத்தான். பட்டாளத்துக் கோட்டில் இருந்தது. ஃபார்க்கர் பட்டாளத்துக்குப் போனவர் இல்லை, அந்தக் கோட்டைப் போட்டவரும் இல்லை. பொத்தானை மட்டும் மூட்டை வியாபாரி டூகலிடம் பேரம் பேசி வாங்கியவர்.

அன்றைக்குப் பெண்கள் முதுகுக்கூடையில் ஈரப் பாசியை வயலுக்கு உரமாக அள்ளிச் சுமந்துகொண்டிருந்தார்கள். கூடையிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் இடுப்பு வழியாக இறங்கிக் கணுக்கால் வரைக்கும் போகும். வாடைக்காற்று அதை அங்கேயே உறையவைக்கும். எய்ரிக்கின் புருஷன் ரூரி போன இலையுதிர் காலத்தில் தூண்டில் போடப் போனவன். படகு வந்தது, அவன் வரவில்லை. அதிலிருந்து அவள் ரூரியின் கால்சட்டையையே பாவாடைக்கு உள்ளே போட்டுக்கொண்டு பாசி சுமந்தாள். குளிருக்கு அது நல்லது, பேச்சுக்கும் இடம் கொடுத்தது.

"ஏளா எய்ரிக், இப்ப உங்க வீட்டுல யாரு ஆம்பள?" என்றாள் மார்சலி.

"கால்சட்டை யாரு போட்டிருக்காங்களோ அவங்கதான். உங்க வீட்டுலயும் அப்படித்தானே அக்கா?"

கூடைக்காரிகள் சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற நாரைகூடப் பறந்துபோனது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே மட்டக்குதிரையில் ஃபார்க்கர் வந்து நின்றார். காலில் நனையாத பூட்ஸ். தீவில் நனையாத பூட்ஸ் அது ஒன்றுதான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. துரையோட காரியஸ்தர் சொல்லி அனுப்பிருக்காரு. ரூரி போயிட்டான். பொம்பள பேருக்குப் பாடு குடுக்கற வழக்கம் துரைகிட்ட இல்ல. ஆனா குலுக்கல்ல நான் கை வைக்க மாட்டேன். வழக்கம்போல நடக்கட்டும். சிப்பியும் விழட்டும். சிப்பி எந்தத் துண்டுல விழுதோ, அந்தத் துண்டு துரைக்கு."

"துரை வந்து கிழங்கு தோண்டுவாரா?" என்று கூடைக்கு அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"துரைக்குன்னா என் பொறுப்புல."

"அதானே பாத்தேன். பொத்தானுக்கு ஒண்ணு, சிப்பிக்கு ஒண்ணு."

"வாயை அடக்கு மார்சலி. சிப்பி விழுந்த நிலம் துரைக்கு. ஒரே வார்த்தை. நான் சொன்ன வார்த்தைய மாத்தறவன் இல்ல."

எய்ரிக் கூடையை இறக்காமலே கேட்டாள். "நான் எங்கே போறது, கங்காணியாரே?"

"கனடாவுக்குக் கப்பல் போகுது. துரையே ஏத்தி விடுவாரு. இல்லன்னா கொழுந்தன் வீட்டுல ஒரு மூலை இல்லாமலா போயிரும்? சிப்பி தின்னு பிழைக்கறவளுக்கு எந்த ஊரா இருந்தா என்ன? கடலோரம் இருந்தாப் போதும்."

பஞ்சக் கஞ்சி அது, சிப்பிக் கஞ்சி. குளிர்காலக் கடைசியில் மாவுப் பெட்டி அடி தெரிகிறபோது பாறையில் சுரண்டி எடுத்துவந்து கொதிக்கவைப்பது. அதைத் தின்கிறோம் என்று யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கூடைக்காரிகள் எல்லாரும் ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறமாதிரி மணலைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எய்ரிக்குக்குக் கங்காணியின் பேச்சைவிட அதிகமாக வலித்தது.

சாயங்காலம் லாக்லன் வந்தான். ரூரியின் தம்பி; ஊர் நாட்டாமையும் அவன்தான். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, கரிமண் கட்டி புகைகிற அடுப்பின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். பின்சுவரை ஒட்டிக் கட்டியிருந்த கருப்பு மாடு அவனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. எய்ரிக்கின் பெண்கள் இரண்டும் மாட்டின் கதகதப்பில் ஒட்டிக்கொண்டு தூங்கிவிட்டன.

"என்ன மதினி வேகுது?"

"மூக்கு இல்லையா உங்களுக்கு? சிப்பிதான். ஒரு கிண்ணம் தரவா?"

"வேண்டாம், சாப்பிட்டுத்தான் வந்தேன்." சொன்னவன் கண் கிண்ணத்தையே பார்த்தது. அவள் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தான்.

"மதினி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. இந்தத் தடவை சிப்பியப் போடாம விட்டுரு. ஒரு துண்டு கம்மியாப் பிரிப்போம். எல்லாருக்கும் ரெண்டு சால் கூடும், அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"எனக்கு?"

"நீயும் புள்ளைகளும் எங்க வீட்டுக்கு வந்துருங்க. இருக்கறதைப் பங்கிட்டுக் குடிப்போம்."

"உங்க பொண்டாட்டிகிட்ட கேட்டீங்களா?"

லாக்லன் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

"கேக்கல. கேட்டிருந்தா இங்க வந்திருக்க மாட்டீங்க," என்றாள். "கொழுந்தனாரே, வடக்குப் பக்கத்து ஊர் எப்படி காலியாச்சு? எல்லாரையும் ஒரே நாள்லயா துரத்தினாங்க? முதல்ல ஒரு விதவை. அப்புறம் ஒரு நோயாளி. அப்புறம் அவங்களுக்காகப் பேசினவன். இப்ப அங்க ஃபார்க்கரோட ஆடு அடுப்புக்கல்லு மேல படுத்து அசை போடுது. நான் சிப்பியப் போடலன்னா, நானே கிளம்பிட்டேன்னு அர்த்தம். போடுவேன்."

"போட்டா அவனுக்குப் போயிரும்!"

"நாட்டாமை ஆன அன்னைக்கு நீங்க என்ன பண்ணீங்க? எனக்கு ஞாபகம் இருக்கு."

அவனுக்கும் ஞாபகம் இருந்தது. நாட்டாமையைத் தேர்ந்தெடுத்தால் அவன் செருப்பைக் கழற்றி, குல்லாவை எடுத்து, உச்சந்தலையில் ஒரு பிடி ஊர் மண்ணை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வயலில் நிற்க வேண்டும். புகை வருகிற அடுப்புக்கெல்லாம் பாடு பிரித்துத் தருவேன் என்று, பைபிள்மேல் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிற மண்மேல் சத்தியம் செய்ய வேண்டும். பாதிரியாருக்கு அது பிடிக்காது. அதனாலேயே யாரும் விடவில்லை.

"உங்க அண்ணன்தான் செத்தாரு. அடுப்பு சாகல. அதோ புகையுது, கண்ணுல படுதா?"

"படுது, கண்ணைக் கரிக்குது." எழுந்தான். "எனக்கும் வீட்டுல வாய் நிறைய இருக்கு மதினி. நாட்டாமையத்தான் முதல்ல பிடிப்பாங்க." வாசலில் இருட்டப்போகிற வானத்தைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றான். கஞ்சி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் எய்ரிக் கூடையை இரவல் கேட்கிற சாக்கில் மார்சலி வீட்டுக்குப் போனாள். மார்சலி வாசலில் நின்று பேசினாள், உள்ளே கூப்பிடவில்லை.

"என்ன அக்கா, வீட்டுல விருந்தா? வாசனை தூக்குது."

"விருந்துதான். உப்பு ஹெர்ரிங் மீன். போன வாரம் வாங்கினது."

"ஹெர்ரிங் மீனுக்கு இந்த வாசனை எப்படி வரும்?" எய்ரிக் பேசிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தாள். மார்சலி பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். காய்ந்துபோன காஞ்சொறிப் புதருக்குள் எய்ரிக் கால் வைத்ததும் கரகரவென்று நொறுங்கியது. புதரை விலக்கினாள். முழங்கால் உயரத்துக்குச் சிப்பி ஓடு.

"இந்த ஹெர்ரிங் மீனுக்கெல்லாம் ஓடு இருக்கே அக்கா."

மார்சலியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "யார்கிட்டயும் சொல்லிராதே. எங்க வீட்டுக்காரரு மானஸ்தன்."

"உங்க வீட்டுக்காரருக்கு மானம், எனக்குப் பாடு. எது பெருசு?" எய்ரிக் குனிந்து ஓர் ஓட்டை எடுத்து ஊதித் துடைத்தாள். "வர்ற வழியில எல்லார் வீட்டுப் பின்பக்கமும் பாத்துட்டுத்தான் வந்தேன். கொல்லன் வீட்டுல சாம்பல் போட்டு மூடி வெச்சிருக்கான். டொனால்டுங்க வீடு ஒவ்வொண்ணுலயும் பார்த்தேன். வாசல் வாசலா வேற வேற ஆளுங்க நாம. பின்பக்கம் போனா ஒரே குடும்பம். கங்காணி வீட்டுப் பின்னால மட்டும்தான் ஆட்டெலும்பு கெடக்கு."

"அதுக்கு என்ன இப்ப?"

"அவரு என்ன சொன்னாரு? சிப்பி விழுந்த நிலம் துரைக்கு. சொன்ன வார்த்தைய மாத்த மாட்டாராம்." ஓட்டை மார்சலியின் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "எத்தனை சிப்பின்னு சொல்லலியே?"

மார்சலிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது.

"அடி பாவி. நாளைக்கு மொத்த ஊரையும் கப்பல்ல ஏத்திருவான்."

"எல்லாரையும் ஏத்திட்டா துரைக்குக் குத்தகை யாரு கட்டறது, கங்காணியோட ஆடா? ஒருத்தியத் துரத்தினா அவங்களுக்கு லாபம். எல்லாரையும் துரத்தினா நஷ்டம். இந்தக் கணக்கு அவரைவிட துரைக்கு நல்லாத் தெரியும்."

"எங்க வீட்டுக்காரரைக் கேக்கணும்."

"என்னைக்கு அக்கா அவரைக் கேட்டிருக்கீங்க?"

மார்சலி கைக்குள் இருந்த ஓட்டைக் கீழே போடவில்லை. எய்ரிக் அந்தக் காலைப் பொழுதில் மற்ற வீடுகளுக்கும் போய்வந்தாள். சிலர் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். கொல்லன் அவளை முடிக்கவே விடாமல் சம்மட்டியை ஓங்கி ஓங்கி அடித்தான். தீப்பொறி பறந்ததே தவிர, வாக்கு எதுவும் வரவில்லை. லாக்லன் வீட்டுக்கு அவள் போகவில்லை. அவனுக்கு எல்லாம் காதுக்கு வரும். அதற்குமேல் அவன் பாடு.

குலுக்கல் நாளில் வெயில் இருந்தது, சூடு இல்லை. வயல் மேட்டில் ஊரே கூடியிருந்தது. துண்டுகளுக்கு நடுவே கயிறு போட்டு, முனையில் கல் நட்டிருந்தார்கள். குல்லாவிலிருந்து எடுக்கிறவன் ஊரில் பாடு இல்லாதவனாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வருஷம் டூகல் அகப்பட்டான். ஊசி, நூல், சீப்பு, புகையிலை, பொத்தான் எல்லாம் முதுகில் சுமந்து தீவு தீவாய்ப் போகிறவன். எடுத்துக் கொடுக்க ஒரு பாலாடைக்கட்டி கேட்டான். முழுசா பாதியா என்று பேசிப் பேசி முக்காலில் முடித்தார்கள்.

ஃபார்க்கர் எல்லாருக்கும் முன்னால் நின்று, பொத்தானை வெயிலில் காட்டி, பிறகு குல்லாவில் போட்டார். "அடுத்தது அந்த அம்மா போடட்டும். நான் கண்ணால பாக்கணும்."

எய்ரிக் சிப்பியை உயர்த்திக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்கோங்க கங்காணியாரே. பிறகு அடையாளம் தெரியாமப் போகும்." போட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து மூடின கையைக் குல்லாவுக்குள் விட்டு, திறந்து, வெறுங்கையை வெளியே எடுத்தார்கள். மூடின கையோடு வருவதுதான் எப்போதும் வழக்கம். எய்ரிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கனத்த கம்பளிக் குல்லா ஒரு சத்தத்தையும் வெளியே விடவில்லை. மார்சலி வந்தாள்; எய்ரிக் பக்கம் திரும்பவே இல்லை. கொல்லன் வந்தான், போகிறபோது தும்மினான். கடைசியாக லாக்லன் போட வேண்டும்.

லாக்லன் குல்லாவை டூகலிடம் கொடுத்தான். கீழே உட்கார்ந்தான். இடது செருப்பை அவிழ்த்தான், பிறகு வலதை. உறைபனி உருகாத புல்லில் வெறுங்காலோடு எழுந்து நின்றபோது கூட்டம் பேச்சை நிறுத்தியது. ஒரு பிடி மண்ணை எடுத்து உச்சந்தலையில் வைத்துக்கொண்டான். பாதி மண் கழுத்துக்குள் போனது, நெளிந்தான், சிரிக்கவில்லை.

"இது எதுக்கு இப்ப?" என்றார் ஃபார்க்கர். "நாட்டாமை ஆகிறப்பதானே இது?"

"மறந்து போச்சு, அதான் இன்னொரு தடவை," என்றான் லாக்லன். கையைக் குல்லாவுக்குள் விட்டு எடுத்தான்.

டூகல் குல்லாவைக் குலுக்கினான். கையை உள்ளே விட்டான். வியாபாரி கை, தொட்டதும் சரக்குத் தெரியும். அவன் புருவம் ஏறியது. ஃபார்க்கரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"உப்புக்கரை," என்றான் லாக்லன், முதல் துண்டின் பேரை.

"சிப்பி," என்றான் டூகல்.

ஃபார்க்கர் குச்சியால் தரையைத் தட்டினார். "கேட்டீங்கல்ல? உப்புக்கரை துரைக்கு."

"கிழவன் முதுகு."

"சிப்பி."

ஃபார்க்கர் திரும்பினார். "அதைத்தான் எடுத்துட்டியே. திரும்ப உள்ள போடாதேடா."

"போடல ஐயா. இந்தாங்க பழசு, இது புதுசு." டூகல் இரண்டையும் உள்ளங்கையில் காட்டினான்.

"வாத்து மிதி."

"சிப்பி. கொஞ்சம் பெருசு."

யாரோ இருமினார்கள். இருமல் ஒன்று இரண்டாகிப் பரவியது. சண்டை மேட்டுக்குச் சிப்பி. மேட்டுத் துண்டுக்குச் சிப்பி. அதற்கடுத்த துண்டுக்கு வந்த சிப்பியில் கொல்லனின் உலைச் சாம்பல் ஒட்டியிருந்தது. எய்ரிக் அதைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடுத்துண்டு வந்தபோது டூகலின் விரலில் ஏதோ மின்னியது.

"நடுத்துண்டு, பொத்தான்!"

இந்தத் தடவை யாராலும் இருமலை நம்பவைக்க முடியவில்லை. ஊர் வெடித்துச் சிரித்தது. ஃபார்க்கர் பாய்ந்து குல்லாவைப் பிடுங்கிக் கவிழ்த்தார். மிச்சமெல்லாம் புல்லில் கொட்டியது. எல்லாம் சிப்பி. ஒன்றில் மட்டும் உள்ளே சதை ஒட்டியிருந்தது, அன்று காலையில்தான் பாறையிலிருந்து எடுத்தது. லாக்லனின் விரல் முட்டிகளில் புதிதாகச் சிராய்ப்பு இருப்பதை எய்ரிக் அப்போதுதான் பார்த்தாள்.

"இது ஏமாத்து! இதுல எது அவளோடது? மார்சலி, உன் கொம்பு எங்க?"

"தேய்ஞ்சு போச்சு கங்காணியாரே. எங்க வீட்டுலயும் இனிமே சிப்பிதான். நாங்க அதைத்தானே திங்கறோம்." மார்சலி இதை மேட்டில் நின்று, ஊர் கேட்க, உரக்கச் சொன்னாள். அவள் புருஷன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு மெதுவாக, தானும்தான் என்கிறமாதிரி கையைத் தூக்கினான்.

"காரியஸ்தருக்கு எழுதுவேன்!"

"எழுதுங்க," என்றாள் எய்ரிக். முன்னால் வந்து நின்றாள். "சிப்பி விழுந்த நிலமெல்லாம் துரைக்குன்னு நீங்கதான் கடற்கரையில வெச்சு சொன்னீங்க. எடுத்துக்கோங்க. உப்புக்கரையிலேருந்து கடைசி மேடு வரைக்கும் எல்லாம் சிப்பிதான். வசந்தம் வர்றதுக்குள்ள நீங்களே உழணும், நீங்களே பாசி சுமக்கணும். கூடை வேணும்னா நான் தர்றேன். பூட்ஸைக் கழட்டிருங்க, நனையும்."

"உன் துண்டு எதுன்னு சொல்லு. ஒரே ஒரு தடவைதான் கேப்பேன்."

"எனக்கே தெரியாதே."

அது உண்மை. அங்கே நின்ற ஒருவருக்கும் தன் துண்டு எதுவென்று தெரியாது. டொனால்டுகளில் ஒருவன் அதைச் சத்தமாகவே கேட்டுவிட்டான்.

"அது சரி, இப்ப எனக்கு எந்தத் துண்டு? திரும்ப ஒரு தடவை குலுக்குவோமா, சரியான அடையாளத்தோட?"

ஃபார்க்கரின் கண் பளிச்சென்றது. "குலுக்குங்க, குலுக்குங்க. நான் நிக்கறேன்."

கூட்டம் தடுமாறியது. சுளுவில் கிடைத்த சிரிப்பு சுளுவில் போய்விடும் போலிருந்தது. எய்ரிக் லாக்லனைப் பார்த்தாள். அவன் கால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"குலுக்கியாச்சு," என்றான் லாக்லன். "ஒரு வருஷத்துக்கு ஒரு குலுக்கல்தான். இந்த வருஷம் எல்லாத் துண்டையும் எல்லாரும் உழுவோம். வெளைஞ்சதை அடுப்புக்கு இவ்வளவுன்னு பிரிப்போம். புகை வர்ற அடுப்பு எல்லாத்துக்கும்."

"அப்ப உழைக்காதவன்?" என்றான் அதே டொனால்ட்.

"நீதான் உழைக்காதவன். உன் அடுப்பையும் சேத்துத்தான் சொல்றேன்."

முணுமுணுப்பு வராமல் இல்லை. யார் குதிரை, யார் விதை, யார் சோம்பேறி என்று பேச்சுக் கிளம்பத்தான் செய்தது. கோடை முழுக்க அது ஓயவும் இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் செருப்பில்லாத அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு மறுகுலுக்கல் கேட்கவில்லை.

டூகல் முக்கால் பாலாடைக்கட்டியை மூட்டையில் கட்டிக்கொண்டே ஃபார்க்கரிடம் பொத்தானை நீட்டினான். "இந்தாங்க ஐயா. நான் எவ்வளவோ பொத்தான் வித்திருக்கேன். கோட்டு இல்லாம ஒரு ஆளைத் தனியா நிக்க வெச்ச பொத்தான் இதுதான். அன்னைக்கு நீங்க பேசின பேரத்துக்கு, கூடத்தான் உழைச்சிருக்கு."

ஃபார்க்கர் பொத்தானைப் பிடுங்கிக்கொண்டார். தன் நடுத்துண்டைப் பார்த்தார். நல்ல நிலம்தான். ஆனால் நாலாபக்கமும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் நிலம். மாடு ஓட்டிப் போகவும் கேட்க வேண்டும், கலப்பை கொண்டுபோகவும் கேட்க வேண்டும். பாசி சுமக்க ஆள் கூப்பிட்டால் வருவதற்கு யாருடைய முதுகும் அங்கே தயாராக இல்லை.

"கங்காணியாரே," என்று மார்சலி கூப்பிட்டாள். "வீட்டுல ஒரு கிண்ணம் கஞ்சி மிச்சம் இருக்கு. குடிச்சுட்டு ஓட்டை எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த வருஷம் நீங்களும் போடலாம்."

அவர் குதிரையேறினார். ஏறின பிறகும் போகவில்லை. சேணத்தில் இருந்தபடி எய்ரிக்கைப் பார்த்து, கூட்டத்துக்குக் கேட்காத குரலில் கேட்டார். "கடைசியாக் கேக்கறேன். எதுடி உன் நிலம்?"

எய்ரிக் கால்மிதிக் கலப்பையை எடுத்துக்கொண்டு, கிட்டத்தில் இருந்த துண்டுக்குள் இறங்கினாள். அது எந்தத் துண்டு என்றுகூடப் பார்க்கவில்லை. ரூரியின் கால்சட்டைக் காலை மடித்துவிட்டு, கலப்பையின் மிதி ஆப்பின்மேல் பாதத்தை வைத்து, முழு உடம்பையும் சாய்த்து மிதித்தாள். உறைந்த மண் முனகிக்கொண்டு புரண்டது.

"அந்த நடுவுல இருக்கறது உங்களோடது," என்றாள், ஊருக்கே கேட்கிற குரலில். "அது ஒண்ணு மட்டும்தான் என்னுது இல்ல."